ஊசிக்குப் பயப்படும் குழந்தையும் பேசும் கரடியும்: மருத்துவமனைகளில் துணை ரோபோக்கள்

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு ரோபோ என்றால் வெல்டிங் அடிக்கும் இயந்திரக் கைதான். நோயுற்ற குழந்தையின் கட்டிலருகே இருந்து பேசி, சிரித்து, பயத்தைத் தணிக்கும் ரோபோ வேறு வகை. அதற்குத் துணை ரோபோ என்று பெயர்.

இவற்றில் மூத்தது ஜப்பானின் 'பாரோ'. கடல்நாய்க் குட்டி உருவம், சுமார் 2.7 கிலோ எடை. தடவிக் கொடுத்தால் கண் சிமிட்டும், குரல் கொடுக்கும். பெரும்பாலும் மறதி நோயுள்ள முதியோருக்கே பயன்படுகிறது. குழந்தைகள் வார்டுகளிலும் பயன்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் 2009-ல் மருத்துவச் சாதனமாக அங்கீகாரம் பெற்றது. விலை பல லட்சம் ரூபாய்.

கனடாவின் கால்கரி நகரில், காய்ச்சல் தடுப்பூசி போட வந்த 57 குழந்தைகளிடம் 'நாவோ' என்ற சிறிய மனித உருவ ரோபோவைச் சோதித்தனர். ஊசி போடும் நேரத்தில், பொம்மை வாத்தின் மேலுள்ள தூசியை ஊதச் சொன்னது ரோபோ. ஊதும்போது மூச்சு சீராகிறது, உடல் தளர்கிறது, கவனமும் திரும்புகிறது. ரோபோ இருந்த குழந்தைகளுக்கு வலியும் கலக்கமும் குறைவாக இருந்ததாக 2013-ல் வெளியான ஆய்வு கூறியது.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் 54 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு (2019) இன்னும் கவனிக்கத்தக்கது. சிலருக்குச் சாதாரண கரடி பொம்மை, சிலருக்கு டேப்லெட்டில் தோன்றும் கரடி, சிலருக்கு 'ஹக்கபிள்' என்ற ரோபோ கரடி. ரோபோ கிடைத்தவர்களிடம் மகிழ்ச்சி கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் அந்தக் கரடி தானாகப் பேசவில்லை. குழந்தைகளைத் தேற்றப் பயிற்சி பெற்ற ஒருவர் மறைவிலிருந்து அதை இயக்கினார். விளம்பரங்களில் இது வருவதில்லை.

நம் நாட்டில் 2020 கொரோனா காலத்தில் திருச்சி, சென்னை அரசு மருத்துவமனைகளுக்கு 'ஜாஃபி' ரோபோக்கள் வந்தன. அவை உணவும் மருந்தும் கொண்டு செல்லத்தான். குழந்தைகளைத் தேற்ற அல்ல.

வீட்டுக்கு வாங்க நினைப்பவர்கள் 'மாக்ஸி'யின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தைகளோடு உரையாடும் இந்த அமெரிக்க ரோபோ சுமார் 800 டாலருக்கு விற்றது. 2024 டிசம்பரில் நிறுவனம் மூடுவதாக அறிவித்தது. இணையம் வழி இயங்கும் ரோபோ என்பதால் அதுவும் பேச்சை நிறுத்திவிடும் என்றார்கள். பழகிய குழந்தைக்கு அதைப் புரியவைக்கும் பொறுப்பு பெற்றோர் தலையில் விழுந்தது. இப்படிப்பட்ட பொருளில் கேமராவும் மைக்கும் இருக்கும். பதிவாவது எங்கே போகிறது என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

மார்க்கக் கேள்வியும் எழும். ஆயிஷா (ரழி) அவர்கள் பொம்மைகள் வைத்து விளையாடியதை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. இதைக் கொண்டு சிறுவர் விளையாட்டுப் பொருட்களைப் பல அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள்; முழு உருவப் பொம்மைகளில் கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. என்றாலும் இதயம், புற்றுநோய் என்றால் பொம்மசந்திரா, கித்வாய் என்று பெங்களூருக்கே ஓடுகிறோம். வாப்பாவுக்கு ஷிப்ட், தாய் தனியாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறார். அங்கே விலையுயர்ந்த ரோபோவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ரோபோ செய்த காரியத்தில் பெரும்பகுதியை ஒரு காகிதக் காற்றாடியோ சோப்புக் குமிழியோ செய்யும். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து அமுக்குவதற்குப் பதில் மடியில் வைத்து அணைத்துக்கொள்ளலாமா என்று நர்ஸிடம் கேளுங்கள். மரத்துப்போகச் செய்யும் களிம்பு கிடைக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைக்கு ரோமப் பொம்மை கொண்டுபோகுமுன் வார்டில் அனுமதி பெறுங்கள்.

"ஊசி இல்லை, சும்மா பார்ப்பாங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். பிள்ளையிடம் ஒன்றைத் தருவதாக அழைத்துத் தராமல் விட்டால் அதுவும் பொய்யாக எழுதப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் ஒரு தாயிடம் எச்சரித்தது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. "கொஞ்சம் வலிக்கும், சீக்கிரம் முடியும், நான் பக்கத்திலேயே இருப்பேன்" என்பது போதும்.

இன்னொன்று மொழி. நம் பகுதியில் பல வீடுகளில் உருது, பள்ளியில் தமிழ், பெங்களூர் வார்டில் கன்னடம். குழந்தைக்கு எந்த மொழி புரியும் என்பதை அட்மிஷன் போடும்போதே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.