கல்வராயன் மலைச்சாலையும் வண்டியின் ஸ்டாண்டும்

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கல்வராயன் மலையில், மலையாளிப் பழங்குடியினர் விளைவித்த சாமையும் காட்டில் சேகரித்த கடுக்காயும் நெடுங்காலம் தலைச்சுமையாகவே சமவெளிக்கு இறங்கின. மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகை 1976இல் முடிவுற்று மலை அரசின் நேரடி நிர்வாகத்தின்கீழ் வந்தது. இருவர் அமரத்தக்க இந்தியாவின் முதல் மொபெட்டான டி.வி.எஸ். 50 ஓசூரிலிருந்து 1980இல் வெளிவந்தது. வெள்ளிமலை போன்ற ஊர்களில் சுமையின் வரலாறு தலையிலிருந்து சக்கரத்துக்கு மாறிய காலம் இதுவே. வண்டிகளின் வரலாற்றை எஞ்சினைக் கொண்டே எழுதுவது வழக்கமாக இருப்பினும், மலையூர்களில் அம்மாற்றத்தின் தடயம் ஸ்டாண்டின் தேய்மானத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது.

தொடக்ககால மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் பின்சக்கர அச்சையொட்டிப் பொருத்திய ஸ்டாண்டே இருந்தது. வண்டியின் பின்பகுதி முழுவதையும் தூக்கி அதன்மேல் நிறுத்த வேண்டும். பின்னர் சட்டத்தின் நடுவே பொருந்தும் சென்டர் ஸ்டாண்டும், இடப்புறம் ஒற்றைக் காலாக இறங்கும் சைடு ஸ்டாண்டும் பரவின.

பெடலை மிதித்துக் கிளப்பும் மொபெட்டுக்குச் சென்டர் ஸ்டாண்டு வெறும் தாங்கியாக மட்டும் இருக்கவில்லை. பின்சக்கரம் தரையைத் தொடாமல் நின்றால்தான் நின்ற இடத்திலேயே பெடலைச் சுழற்றி எஞ்சினை உயிர்ப்பிக்க முடியும். மரவள்ளிக் கிழங்கு மூட்டையை ஏற்றும்போதும் இறக்கும்போதும் முழுப் பாரத்தையும் அதன் இரு கால்களே தாங்கின. ஆகவே கால்களின் அடி தேய்ந்து உயரம் குறையும்போது சக்கரம் தரையில் உரசத் தொடங்கும்; கால்கள் சுழலும் அச்சுக்கம்பி தேய்ந்தாலோ வண்டி பக்கவாட்டில் ஆடும். வெல்டிங் பட்டறையில் தேய்ந்த அடியில் இரும்புத்துண்டை ஒட்டவைத்து உயரத்தை மீட்பதும், அச்சுக்கம்பியை மாற்றுவதும் இதற்கான பழுதுநீக்கமாகும். உலையில் காய்ச்சி அடித்து ஏர்க்கொழுவின் தேய்ந்த முனையை நீட்டிய கொல்லரின் வேலைக்கு இது நெருங்கிய உறவுடையது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

சைடு ஸ்டாண்டின் பழுது இதைவிட நுட்பமானது. அதன் போல்ட்டுத் துளை நாளடைவில் நீள்வட்டமாகத் தேய்வதால் வண்டி வரவர அதிகமாகச் சாய்கிறது. அடியில் தகட்டை அளவுக்கு மீறி வைத்தாலோ வண்டி நிமிர்ந்து நின்று, சரிவான தரையில் வலப்புறம் கவிழ நேரும். துளையைப் பெரிதாக்கி, புஷ் எனப்படும் உருளை வளையத்தைச் செருகுவதே முறையான தீர்வு. துளை அமைந்த காதுப்பகுதியே விரிசல் விட்டிருந்தால் புதிய ஸ்டாண்டை மாற்றுவது தவிர வேறு வழியில்லை. ஸ்பிரிங் தளர்வது எல்லாவற்றினும் ஆபத்தானது. ஓட்டத்தின்போது கீழிறங்கும் ஸ்டாண்டு, வண்டி இடப்புறம் சாயும் வளைவில் சாலையில் மோதி ஓட்டுநரைத் தூக்கியெறியும். அடுத்தடுத்து வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில் சில ரூபாய் பெறும் ஸ்பிரிங்கை மாற்றத் தவறுவது உயிரோடு விளையாடுவதாகும்.

இவ்விபத்தைத் தடுக்கவே, ஸ்டாண்டு கீழிருக்கும்போது கியர் போட்டால் எஞ்சினை நிறுத்திவிடும் சுவிட்சு அண்மைக்கால வண்டிகள் பலவற்றில் இடம்பெற்றுள்ளது. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதிகளை ஒட்டி, எரிபொருளை மின்னணு முறையில் அளந்து செலுத்தும் அமைப்பும் பெருகியது. வெல்டிங்கின் மின்னோட்டத்தால் இவை பழுதாகக்கூடும் என்பதால், இன்று ஸ்டாண்டுக்கு வெல்டிங் வைப்பவர், நெருப்பைக் கையிலெடுக்குமுன் சுவிட்சின் ஒயரை விலக்கி, பேட்டரி இணைப்பையும் கழற்றியாக வேண்டும்.