திருத்தணி வட்டாரத்தில் பல் செட்

பல் செட் வருவதற்கு முன்னால் திருத்தணி வட்டாரத்தில் பொக்கை வாய்க்குக் கைகொடுத்தது கேழ்வரகுக் களிதான். களியை மெல்லக் கூடாது. உருண்டையாகக் கிள்ளி, குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் அதையே சங்கட்டி என்பார்கள். வெற்றிலையை விட முடியாத கிழவிகளிடம் ஒரு சின்ன இரும்பு உரல் இருந்தது. பாக்கு, வெற்றிலை, சுண்ணாம்பு மூன்றையும் அதில் நைய இடித்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்கள். பல் கட்டிக்கொள்வது வெகு காலம் பட்டணத்துச் சங்கதியாகவே இருந்தது.

பட்டணத்துக்கு அது வந்ததே சுற்றுவழியாகத்தான். ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில் யானைத் தந்தத்தையும் நீர்யானைப் பல்லையும் செதுக்கிப் பல் வரிசை செய்தார்கள். வாய்க்குள் அவை அழுகி நாறின. 1851இல் நெல்சன் குட்இயர் ரப்பரைக் கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வல்கனைட் எனப்பட்ட அந்த ரப்பரை, வாயில் எடுத்த அளவுக்கு அப்படியே வார்க்க முடிந்தது. அமெரிக்காவில் அதன்மேல் இருந்த காப்புரிமைக் கட்டணம் 1881இல் ஒழிந்ததும் சாதாரண மக்களும் பல் கட்டத் தொடங்கினார்கள். கருஞ்சிவப்பாக, பார்வைக்கு நன்றாக இல்லாவிட்டாலும் வல்கனைட் லேசில் உடையாது. ஈறின் நிறத்தில் அக்ரிலிக் வந்தது 1930களின் பிற்பகுதியில். இன்றும் பெரும்பாலான பல் செட்டுகள் அக்ரிலிக்கே.

சென்னையில் பல் கட்டும் தொழிலில் பெயர் பெற்றவர்களில் சீனாவின் ஹூபே மாகாணத்திலிருந்து வந்த குடும்பங்களும் உண்டு. தகப்பனிடம் மகன் கற்று, தலைமுறையாகச் செய்த கைத்தொழில் அது. முறையான படிப்புக்கு ரஃபியுதீன் அகமது 1920இல் கல்கத்தாவில் கல்லூரி தொடங்கினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு 1953இல் வந்தது. இடையில் 1948இன் பல் மருத்துவர் சட்டம், பட்டம் இல்லாமல் பல ஆண்டுகள் அதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவர்களுக்கும் பதிவேட்டில் தனிப் பகுதி ஒதுக்கியது. பல் செட் செய்பவரையும் பழுது பார்ப்பவரையும் பல் மெக்கானிக் என்று தனியாக வரையறுத்தது. வாயைப் பார்ப்பவர் ஒருவர், செட்டை வார்ப்பவர் இன்னொருவர் என்ற பிரிவினை இப்படித்தான் சட்டமானது.

அந்தச் சட்டம் வந்தபோது திருத்தணி சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1953இல் ஆந்திராவோடு போயிற்று. ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் 1இல் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. பல் மருத்துவர் பதிவேடு மாநிலந்தோறும் தனித்தனி; ஆகவே ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் பதிவேடு மட்டும் இரண்டு முறை மாறியது. ரயில் பாதை மாறவில்லை. அரக்கோணம் வழியே சென்னை சுமார் 85 கிலோமீட்டர். முழு செட் கட்ட அளவெடுப்பு, கடி பார்ப்பது, மெழுகில் வைத்துப் பார்ப்பது என நாலைந்து முறை போக வேண்டும். அத்தனை அலைச்சலுக்குப் பிறகு கிடைத்த பல்லை ஆயுளுக்கும் ஆன சொத்தாக நினைத்தது இயல்பே. ஆனால் அந்த நினைப்புதான் இன்றுவரை வயதானவர்களின் வாயைப் புண்ணாக்கி வருகிறது.

பராமரிப்பிலும் பழைய பழக்கம் குறுக்கே நிற்கிறது. சொந்தப் பல்லைக் கரி, சாம்பல், உப்பு கொண்டு தேய்த்த கை, கட்டிய பல்லையும் அப்படியே தேய்க்கிறது. அக்ரிலிக் பல்லைவிட மென்மையானது. தேய்த்த இடமெல்லாம் கீறல் விழும், கீறலில் அழுக்கும் கிருமியும் தங்கும். பற்பசையும் சொரசொரப்பானதே. மென்மையான பிரஷும் சோப்புத் தண்ணீரும் போதும். கொதிநீரில் போட்டால் செட் கோணிவிடும். தொட்டியில் தண்ணீர் வைத்து அதன்மேல் பிடித்துக் கழுவினால், கை நழுவினாலும் உடையாது. கீழ்ச் செட்டின் முன்பல்லுக்குப் பின்னால், நாக்கு தொடும் பக்கம் விரலால் தடவினால் மணல் போல நெருடும். எச்சில் சுரப்பி திறக்கும் இடம் அதுதான். காரை அங்கேதான் முதலில் படியும். இரவில் கழற்றித் தண்ணீர் டம்ளரில் போட வேண்டும். கழற்றாமல் தூங்குகிறவரின் மேலண்ணத்தில் செட்டின் வடிவத்துக்கே சிவந்திருப்பதைக் காணலாம். அது கேண்டிடா என்ற பூஞ்சையின் வேலை.

எப்போது மாற்றுவது என்பதைச் செட்டைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. தாடையைப் பார்க்க வேண்டும். பல் போன எலும்பு கரைந்துகொண்டே இருக்கும். 25 ஆண்டுகள் தொடர்ந்த ஓர் ஆய்வை 1972இல் வெளியிட்ட டால்கிரென், கீழ்த்தாடை மேல்தாடையைப் போல் நான்கு மடங்கு தேய்வதைக் காட்டினார். கீழ்ச் செட் முதலில் ஆடுவது இதனால்தான். செட் உடையாமல் அப்படியே இருக்கும், அது உட்கார்ந்த மேடு மட்டும் கீழே இறங்கியிருக்கும். பேசும்போது டக்கென்ற சத்தம், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புண், மூக்குக்கும் மோவாய்க்கும் இடைவெளி சுருங்கி முகம் கிழடு தட்டுவது, வாயோரம் வெடிப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். பொதுவாக 5 முதல் 10 ஆண்டுக்குள் புதுச் செட் தேவைப்படும். பல் தேயாமல் பிடிப்பு மட்டும் தளர்ந்திருந்தால், உட்புறத்துக்கு மட்டும் புது அக்ரிலிக் பூசித் தரலாம், செலவும் குறைவு. கடையில் வாங்கிய பசையால் ஒட்டியோ, வீட்டில் அரத்தால் ராவியோ காலம் தள்ளினால் எலும்பு இன்னும் வேகமாகத் தேயும்.

வெற்றிலை, புகையிலை போட்டவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. செட்டைக் கழற்றி வைத்த பிறகும் இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணை, செட் உரசிய புண் என்று விட்டுவிடக் கூடாது. புற்றுநோய் தொடங்குவதும் அப்படித்தான். அதனால் ஒரு பல்கூட இல்லாத வாயையும் ஆண்டுக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.