வெற்றுக் கோதின் வரலாறு

1990 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் ஒருநாள் மாலை, என் மகன் பாடசாலைப் பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து மேசையில் வைத்தான். சுட்டு முடிந்த துவக்குத் தோட்டாவின் வெற்றுக் கோது. அக்காலத்தில் எங்கள் பிள்ளைகள் முத்திரை சேர்ப்பதுபோல் இவற்றைச் சேர்த்தார்கள். கோதை ஒரு கண்ணோடு பொருத்தி உள்ளே பார்த்துவிட்டு, "அப்பா, அடியிலை இரண்டு ஓட்டை தெரியுது. இது இன்னொருக்கா வெடிக்குமோ?" என்று கேட்டான்.

"இல்லையடா, வெடிச்சது வெடிச்சதுதான்" என்றேன். அவன் பயப்படக் கூடாது என்பதற்காகச் சொன்ன பதில் அது. சரியான பதில் என்றும் நம்பியிருந்தேன்.

பல ஆண்டுகள் கழித்துக் கனடாவில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. அடுத்த வீட்டுக்காரர் மான் வேட்டைக்குப் போகும் முதியவர். தமது கராஜில் பழைய இரும்பு இயந்திரமொன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெற்றுக் கோதுகளை மீண்டும் தோட்டாவாக்கும் அழுத்தும் பொறி அது. யாரோ பாவித்துக் கழித்ததை மலிவாக வாங்கியிருந்தார். பழைய கிறீசை மண்ணெண்ணெய்த் துணியால் வழித்தார். ஏறி இறங்கும் தண்டுக்கு மெல்லிய எண்ணெய் பூசி, அது ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தார். பின்னர் கனத்த மரமேசையில் ஆணிகளால் இறுக்கினார். "சுட்ட கேப்பிலிருந்து விழும் சாம்பல்தான் இதற்கு எமன். மணல்போல் தண்டை அராவிவிடும்" என்றார். மேலே அச்சுத் திருகும் துளை முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடியது. பல கம்பெனிகளும் அந்த ஒரே அளவையே பின்பற்றுவதால் பழைய பொறியிலும் புதிய அச்சுப் பொருந்துமாம்.

என் பதிலைப் பொய்யாக்கிய அந்தப் பொறியின் வரலாற்றைத் தேடலானேன்.

முற்காலத் தோட்டா வெறும் காகிதச் சுருள். 1857 இல் இந்தியச் சிப்பாய்கள் பல்லால் கடிக்க மறுத்தது அத்தகையதொரு கொழுப்புப் பூசிய காகிதத் தோட்டாவைத்தான். கிழித்துச் சுட்டபின் அதில் எதுவும் மிஞ்சாது. உலோகத் தோட்டா வந்தபின்னரே சன்னம் போனாலும் கோது மிஞ்சியது.

1866 இல் இருவர் அதன் அடியில் பதிக்கும் கேப்பை இருவிதமாக அமைத்தனர். ஆங்கிலேயரான பொக்ஸரின் முறையில் கோதின் அடி நடுவே ஒரு துளை. அமெரிக்கரான பேர்டனின் முறையில் பெரும்பாலும் இரு சிறு துளைகள். நடுத்துளையில் ஒரு ஊசியை விட்டால் பழைய கேப் கழன்று விழும். இரு துளையில் அது எளிதன்று. விந்தை என்னவெனில், ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவிலும் அமெரிக்கரின் முறை ஐரோப்பாவிலும் பல நாட்டுப் படைகளிலும் நிலைத்தன. வீட்டில் தோட்டா நிரப்பும் பழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

1871 அளவில் காட்டெருமைத் தோலிலிருந்து இயந்திரப் பட்டிகளுக்கான தோல் பதனிடும் வழி கைவந்தது. அடுத்த ஆண்டே டொட்ஜ் நகரத்துக்கு ரயில் வந்தது. தோல் வேட்டைக்காரர் சமவெளியெங்கும் பரவினர். கடை தொலைவு, தோட்டாவோ விலை அதிகம். ஆகவே ஈயத்தையும் மருந்துப் பீப்பாய்களையும் வண்டியில் ஏற்றிச் சென்று, கூடாரத்திலேயே ஈயத்தை உருக்கிச் சன்னம் வார்த்து, பகலில் சுட்ட கோதுகளை நிரப்பினார்கள். ஒரே கோது மீண்டும் மீண்டும் கொன்றது. எருமையை நம்பி வாழ்ந்த கொமாஞ்சி, கயோவா, செயென் மக்கள் 1874 ஜூனில் டெக்ஸாசில் அடோபி வோல்ஸ் என்னும் வேட்டைக்காரர் தளத்தைத் தாக்கித் தோற்றனர். கோடிக்கணக்கில் இருந்த காட்டெருமைகளில், 1889 இல் விலங்கியலாளர் ஹோர்ணடே கணக்கிட்டபோது எஞ்சியிருந்தவை 1,091 மட்டுமே. சிக்கனம் நல்ல குணம்தான். ஆயினும் எதைச் செய்வதற்கான சிக்கனம் என்று கேட்க வேண்டியிருக்கிறதல்லவா?

கருவிகளும் வளர்ந்தன. 1884 இல் நியூ ஹேவனில் பார்லோ என்பவர் தொடங்கிய ஐடியல் கம்பெனியின் கைக்கருவி, ஏறக்குறைய நமது பாக்குவெட்டியின் சாயல். இரண்டாம் உலகப் போரில் தோட்டாக்கள் யாவும் படைக்கே போக, வேட்டைக்காரருக்குத் தட்டுப்பாடு வந்தது. 1943 இல் கலிபோர்னியாவின் ஒரொவில் ஊரில், பிரெட் ஹண்டிங்டன் என்பவர் தந்தையின் சலவை நிலையத்தின் பின்புறத்தில் சன்னம் செய்யும் அச்சுகளைச் செய்யத் தொடங்கினார். ஆர்சிபிஎஸ் என்னும் பெயர் அங்கே பிறந்தது. கனடா முதியவரின் பொறியிலும் அந்த நான்கு எழுத்துகளையே கண்டேன்.

அவரிடம் மகனின் கேள்வியைச் சொன்னேன். "இரண்டு துளையா? அப்படியானால் அதை நிரப்ப யாரும் மினக்கெட மாட்டார்கள்" என்றார். என் பதில் தற்செயலாக ஏறக்குறைய சரியாகிவிட்டது.

ஆனாலும் மனம் ஆறவில்லை. அந்தக் கோதை மீண்டும் நிரப்ப ஆளில்லாமல் இருந்திருக்கலாம். புதிது புதிதாகத் தோட்டாக்கள் எங்கள் ஊருக்கு வந்துகொண்டேயிருந்தன; 2009 வரை வந்தன. ஒரு பிள்ளை கேட்ட கேள்வி கோதைப் பற்றியது மட்டுமன்று என்று இப்போதுதான் விளங்குகிறது. அதற்குரிய பதிலை அன்று நான் சொல்லவில்லை. இன்று அவனுக்கும் ஒரு மகன் இருக்கிறான்.