தாளும் திரையும்: ஒளிப்பட வெளியீட்டின் மூன்று கட்டங்கள்

ஒளிப்படக் கலையின் வரலாற்றில் நாம் பெரும்பாலும் படம் எடுத்தவரைப் பற்றியே பேசுகிறோம். அது வெளிவந்த வடிவத்தைப் பற்றிப் பேசுவது குறைவு. ஆனால் ஒரு படத்தின் ஆயுளை அந்த வடிவமே பெரிதும் தீர்மானிக்கிறது. இதை உணர மூன்று வெளியீடுகளை நோக்குவோம்.

இங்கிலாந்தில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1844இல் 'தி பென்சில் ஆஃப் நேச்சர்' நூலை வெளியிடத் தொடங்கினார். 1846 வரை ஆறு பகுதிகளாக வந்த அந்நூலில் 24 படங்கள் இருந்தன. எழுத்தோடு ஒளிப்படத்தையும் சேர்த்து அச்சிட அன்று வழியில்லை. உப்பும் வெள்ளி நைட்ரேட்டும் பூசிய தாளை வெயிலில் வைத்து ஒவ்வொரு படியாக எடுத்து, பக்கங்களில் கையால் ஒட்டினர். அப்படிகளுட் பல விரைவிலேயே மங்கத் தொடங்கின.

அக்குறையை மை தீர்த்தது. நியூயார்க்கில் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1903இல் தொடங்கிய 'கேமரா வொர்க்' இதழ், செப்புத் தகட்டில் படத்தைப் பொறித்து மையிட்டு அச்சிடும் போட்டோகிராவ்யூர் முறையைக் கையாண்டது. பிரஸ்ஸல்ஸ் கண்காட்சி ஒன்றிற்கு மூலப் படங்கள் வந்து சேராதபோது இதழின் அச்சுப் படங்களையே மாட்டிவைத்தனர். பார்வையாளருட் பெரும்பாலோர் அவற்றையே மூலம் என்று கொண்டனராம். மை மங்கவில்லை, வாசகர்தாம் குறைந்தனர். ஒருகாலத்தில் ஆயிரத்தை எட்டிய சந்தாதாரர் தொகை நாற்பதுக்கும் கீழே இறங்க, 1917இல் பால் ஸ்ட்ராண்டின் படங்களைத் தாங்கிய இதழோடு அது நின்றது. எனினும் அதன் படிகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

2010 ஏப்ரலில் ஐபேட் விற்பனைக்கு வந்தது. அச்சில் தாளின் வெண்மையே ஒளியின் எல்லை. திரையிலோ படமே ஒளிர்கிறது. தாளும் மையும் வேண்டாம். ஒரே நாளில் உலகெங்கும் வெளியிடலாம். ஆப்பிளில் பணியாற்றிய ழான் மரி உல்லோவின் ஃபோட்டோபீடியா நிறுவனம், யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னங்களின் படங்களைத் தொகுத்து அவ்வாண்டே ஒரு செயலியை வெளியிட்டது. 2014 ஆகஸ்டில் நிறுவனம் மூடப்பட்டபோது அதன் சேவையகங்களும் நிறுத்தப்பட்டன. பிறகு 2017இல் வந்த ஐஓஎஸ் 11, பழைய 32 பிட் செயலிகள் எதையும் ஏற்கவில்லை. புதுப்பிக்க ஆளில்லாத ஒளிப்படச் செயலிகளுக்கும் அதே கதிதான்.

இங்குள்ள வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும். டால்பட்டின் படம் மங்கினாலும் எஞ்சிய சுவட்டை ஆராய முடிகிறது. வாசகரை இழந்த 'கேமரா வொர்க்' அலமாரியில் காத்திருந்து மீண்டும் வாசகரைப் பெற்றது. செயலியால் அவ்வாறு காத்திருக்க இயலாது. அதை யாரேனும் இடைவிடாது பேணிவர வேண்டும். பேணுபவர் விலகினால் படமும் விலகிவிடும்.

ஆகவே திரையில் வெளியிடும் கலைஞரை நாம் தடுக்க வேண்டியதில்லை. சில படிகளையேனும் நல்ல தாளில் அச்சிட்டு ஒரு நூலகத்தில் ஒப்படைக்குமாறு கேட்கலாம்.