கசடும் சாம்பலும் கட்டடமான கதை

1966-ஆம் ஆண்டு அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. தெற்கு வேல்ஸ் பகுதியிலுள்ள அபர்ஃபான் என்னும் சுரங்கத் தொழிலாளர் கிராமம். காலை ஒன்பதேகால் மணி. பள்ளிக்கூடம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஊருக்கு மேலே மலைச் சரிவில், நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வெளியேற்றிய கல்லும் மண்ணும் தூளும் பல குவியல்களாக நின்றன. அவற்றுள் ஏழாம் குவியல் 1958 முதல் ஒரு நீரூற்றின் மேலேயே கொட்டி உயர்த்தப்பட்டது. மழையில் ஊறிய அக்குவியல் அன்று குழம்பாக மாறி வழிந்து, பள்ளியையும் அருகிலிருந்த வீடுகளையும் மூடியது. இறந்தவர் 144 பேர். அவர்களில் 116 பேர் குழந்தைகள்.

வேண்டாம் என்று ஒதுக்கிய பொருள் ஒதுக்கிய இடத்திலேயே சும்மா கிடக்கும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அது அப்படிக் கிடப்பதில்லை. சுரங்கக் கழிவு, இரும்பு உலையின் கசடு, அனல் மின்நிலையத்தின் சாம்பல், இடித்த வீட்டின் செங்கல் ஆகிய கனிமக் கழிவுகளை மீண்டும் கட்டடத்துக்கே கொண்டுசெல்லும் முயற்சிக்கு ஈராயிரம் ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றைப் புரட்டினால் ஓர் உண்மை திரும்பத் திரும்பத் தென்படுகிறது. ஒரு கழிவு பயன்படுமா படாதா என்பது, பெரும்பாலும் அது பிறக்கும் நேரத்தில் நாம் அதை எப்படி நடத்துகிறோம் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது.

உடைந்த ஓட்டின் மதிப்பு

சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கார்பன்-டை-ஆக்சைடை ஏற்று மெல்ல இறுகுவது. நீருக்கடியில் அது இறுகாது. ரோமானியர் இக்குறையைத் தீர்க்க நேப்பிள்ஸ் வளைகுடாப் பகுதியின் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்தனர். அச்சாம்பலிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினைபுரிந்து, நீரில் கரையாத கெட்டிப் பொருளாக மாறின. எரிமலைச் சாம்பல் கிட்டாத இடத்தில் என்ன செய்வது? கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த விட்ருவியஸ் என்னும் கட்டடக் கலைஞர், ஆற்று மணலுடன் மூன்றில் ஒரு பங்கு உடைந்த ஓட்டைப் பொடித்துச் சலித்துச் சேர்த்தால் சாந்து மேம்படும் என்று எழுதி வைத்தார்.

நம் நாட்டில் இதே பொருளுக்குச் சுர்க்கி என்று பெயர். பெரியாற்றின் குறுக்கே 1887 முதல் 1895 வரை பென்னிகுயிக் தலைமையில் கட்டப்பட்ட முல்லைப் பெரியாறு அணை, சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தால் எழுந்ததே.

எந்தச் செங்கல்லைப் பொடித்தாலும் நல்ல சுர்க்கி கிடைத்துவிடாது. களிமண்ணை ஏறத்தாழ 600 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கும்போது, அதனுள் பிணைந்திருக்கும் நீர் வெளியேறி, அணுக்களின் ஒழுங்கு குலைகிறது. இக்குலைந்த நிலையில்தான் அது சுண்ணாம்போடு எளிதில் வினைபுரியும். வெப்பம் மிகுந்து கருகிவிட்டால் அணுக்கள் மீண்டும் ஒழுங்காக அமைந்துவிடும். பிறகு அதை எவ்வளவு நயமாகப் பொடித்தாலும் அது வெறும் மணலுக்குச் சமம். சுர்க்கியின் தரம் சூளையிலேயே முடிவாகிவிடுகிறது.

கற்கண்டும் பஞ்சுமிட்டாயும்

இதை வகுப்பில் விளக்க நான் கற்கண்டையும் பஞ்சுமிட்டாயையும் சொல்வதுண்டு. இரண்டும் சர்க்கரைதான். பாகை ஆடாமல் அசையாமல் நாட்கணக்கில் வைத்தால் மூலக்கூறுகள் வரிசையாக நின்று படிகம் ஆகின்றன. அதுவே கற்கண்டு. உருகிய சர்க்கரையை நூலாகச் சுழற்றி ஒரு நொடியில் குளிரவிட்டால் வரிசையில் நிற்க அவகாசம் இல்லை. கலைந்த நிலையிலேயே அவை உறைந்துவிடுகின்றன. இதைக் கண்ணாடி நிலை என்பர். கற்கண்டு டப்பாவில் மாதக்கணக்கில் இருக்கும். பஞ்சுமிட்டாயோ காற்றின் ஈரம் பட்டதும் சுருங்கிப் பிசுபிசுக்கிறது. கண்ணாடி நிலையிலுள்ள பொருளுக்கு வினைபுரியும் துடிப்பு அதிகம்.

இரும்பு ஊதுலையின் வரலாற்றை மாற்றியது இவ்வேறுபாடே. ஒரு டன் இரும்புக்கு ஏறத்தாழ 300 கிலோ கசடு வெளியாகிறது. சுமார் 1500 டிகிரியில் வழியும் அக்கசட்டைத் திடலில் கொட்டி ஆறவிட்டால் அது படிகமாகிப் பாறையாகிவிடும். ஜல்லியாக உடைக்க உதவும், அவ்வளவுதான். 1862-இல் ஜெர்மனியில் எமில் லாங்கன் என்பவர், நீரில் பாய்ச்சித் திடீரெனக் குளிரவைத்துக் குறுமணிகளாக்கிய கசடு, சுண்ணாம்புடன் சேர்ந்தால் சிமெண்ட் போல் இறுகுவதைக் கண்டார். கசடு அதேதான். மாறியது அது குளிர்ந்த வேகம் மட்டுமே. கசடு கலந்த சிமெண்ட் வகைகளை ஜெர்மனி 1909-இலும் 1917-இலும் முறைப்படி ஏற்றுக்கொண்டது. பாறையாகிவிட்ட பழைய கசட்டு மேடுகளுக்கு அந்த வாய்ப்பு கிட்டவில்லை.

புகையிலிருந்து பிடித்த சாம்பல்

அனல் மின்நிலையத்தில் நிலக்கரியை மாவாக அரைத்து ஊதி எரிக்கிறார்கள். அதிலுள்ள களிமண் துகள்கள் உருகி, புகையோடு பறக்கும்போதே குளிர்ந்து, நுண்ணிய கண்ணாடி உருண்டைகளாகின்றன. இதுவே பறக்கும் சாம்பல். இங்கே திடீர்க் குளிர்ச்சியைத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை. ஆனால் சாம்பலைப் பிடிக்க வேண்டுமே! கலிஃபோர்னியாவில் ஃபிரெடரிக் காட்ரெல் என்னும் அறிஞர் 1907 அளவில், புகையிலுள்ள துகள்களுக்கு மின்னூட்டம் கொடுத்து எதிர் மின்தகட்டில் இழுத்துப் பிடிக்கும் கருவியை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். புகைபோக்கி வழியே ஊரெல்லாம் படிந்த சாம்பல் இவ்வகைக் கருவிகளால் உலர்ந்த நிலையில் கைக்கு வந்தது.

1937-இல் அதே கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ரேமண்ட் டேவிஸ் குழுவினர், சிமெண்டில் ஒரு பகுதிக்குப் பதிலாக இச்சாம்பலைச் சேர்க்கலாம் என்று ஆய்ந்து வெளியிட்டனர். 1948 முதல் 1953 வரை அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் கட்டிய ஹங்கிரி ஹார்ஸ் அணையில் ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட சாம்பல் பயன்பட்டது. இந்தியாவில் 1962-இல் முடிவுற்ற ரிஹந்த் அணையிலும் சாம்பல் சேர்ந்தது.

ஆயினும் பெரும்பாலான சாம்பல் வேறு வழியில் சென்றது. அதனுடன் நீரைக் கலந்து, குழாய் மூலம் ஏரி போன்ற குட்டைகளுக்கு அனுப்புவது அப்போதைக்கு எளிதாக இருந்தது. குட்டையில் நயமான சாம்பலும் உலையடியில் விழும் பருமனான சாம்பலும் கலந்து, ஈரமேறி, தரம் கெட்டன. 2008 டிசம்பர் 22 அன்று அமெரிக்காவின் டென்னசி மாநிலம் கிங்ஸ்டனில் அத்தகைய குட்டையின் கரை உடைந்தது. சுமார் 40 லட்சம் கன மீட்டர் சாம்பற் குழம்பு ஆற்றையும் வீடுகளையும் சூழ்ந்தது. நம் நாட்டில் 1999 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட ஆணை, அனல் மின்நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் செங்கல் செய்வோர் குறைந்தது 25 விழுக்காடு சாம்பல் சேர்க்க வேண்டும் என்றது.

இடிந்த நகரங்கள்

இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஜெர்மன் நகரங்கள் செங்கற் குவியல்களாகக் கிடந்தன. பெண்கள் வரிசையாக நின்று கைமாற்றி, நல்ல செங்கற்களைச் சுரண்டித் தனியே அடுக்கினர். உடைந்தவை ஜல்லியாயின. செங்கல் ஜல்லிக் காங்கிரீட்டுக்கென்று 1951-இல் தனித் தர விதியே வந்தது. 1955 முடிவதற்குள் சுமார் 115 லட்சம் கன மீட்டர் செங்கல் ஜல்லி தயாராகி, 1,75,000 குடியிருப்புகள் எழுந்தன.

அன்றைய இடிபாட்டில் பெரும்பகுதி செங்கல்லும் சாந்தும்தான். இன்றைய வீடு அப்படியில்லை. காங்கிரீட், இரும்புக் கம்பி, ஜிப்சம் பலகை, பிளாஸ்டிக் குழாய், கண்ணாடி, மரம் எல்லாம் அதில் உண்டு. இயந்திரத்தால் ஒரே நாளில் இடித்து ஒன்றாக லாரியில் ஏற்றினால், ஜிப்சத்திலுள்ள சல்பேட் புதிய காங்கிரீட்டைக் கெடுக்கும். பிறகு பிரிப்பதும் எளிதன்று. பிரித்து இடித்தால் அதுவே நல்ல ஜல்லி. பழைய சாந்து ஒட்டியிருப்பதால் அது நீரைச் சற்று அதிகம் உறிஞ்சும். ஆகவே அளவறிந்து சேர்க்க வேண்டும். 2009-இல் டெல்லியின் புராரியில் இடிமானக் கழிவைப் பதப்படுத்தும் நிலையம் தொடங்கியது. 2016-இல் வந்த மத்திய விதிகள் கழிவு உண்டாகும் இடத்திலேயே அதைப் பிரிக்க வேண்டும் என்றன. அதே ஆண்டில் திருத்திய இந்தியத் தர விதி, கம்பி கட்டிய காங்கிரீட்டிலும் குறிப்பிட்ட வலிமைத் தரம் வரை 20 விழுக்காடு மறுசுழற்சி ஜல்லியை அனுமதித்தது.

சுர்க்கிக்குத் திரும்புதல்

சிமெண்டுக்காக 100 கிராம் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிராம் கார்பன்-டை-ஆக்சைடு வெளியேறும். எரிபொருளின் புகை இதில் சேராது. எனவே கசடும் சாம்பலும் சிமெண்டின் ஒரு பங்கை ஏற்கும்போது காற்றுக்கும் நன்மை உண்டு. ஆனால் இவற்றின் ஊற்றுக்கண்களே அடைபடத் தொடங்கியுள்ளன. 2024 செப்டம்பர் 30 அன்று பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம் மூடப்பட்டது. அதே நாளில் வேல்ஸ் நாட்டின் போர்ட் டால்பட் உருக்காலையின் கடைசி ஊதுலையும் அணைந்தது. காற்றைக் காக்க எடுத்த நல்ல முடிவே சாம்பலுக்கும் கசடுக்கும் தட்டுப்பாட்டைக் கொண்டுவரும்.

ஆகவே அறிஞர்கள் களிமண்ணையே மீண்டும் நாடுகின்றனர். சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகத்தில் கேரன் ஸ்கிரிவனர் முன்னின்று, கியூபாவிலும் சென்னை உள்ளிட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களிலும் வளர்ந்த ஆய்வின் பயனாக, சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணாம்புக்கல் தூளும் கலந்த சிமெண்ட் உருவாகியுள்ளது. சுர்க்கியின் பழைய வேதியியலே இது. உயர்தரக் களிமண் தேவையில்லை. சுரங்கத்தில் மேல்மண் என்று ஒதுக்கும் மட்டமான களிமண்ணும் பெரும்பாலும் போதும்.

உங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை இடிக்கும்போது சற்று நின்று பாருங்கள். கதவும் சன்னலும் கம்பியும் முதலில் தனியே வெளியேறிவிடும், ஏனெனில் அவற்றுக்கு விலை உண்டு. செங்கல்லும் காங்கிரீட்டும் ஜிப்சமும் தனித்தனியாகப் போகின்றனவா, ஒரே லாரியில் போகின்றனவா என்று கவனியுங்கள். ஒரே லாரியில் போனால் அது ஏதோ ஓர் ஏரிக்கரையில் மேடாகப் போகிறது என்று பொருள். அந்த மேட்டுக்கு வழி அந்த லாரியில்தான் தொடங்குகிறது.