மஞ்சள் நோட்டீஸ்... நிஜமா, வதந்தியா? திவால் வழக்கை போன்லயே தேடுவது எப்படி?

"அந்த பில்டர் திவால் ஆகிட்டாராம்...", "பழைய கம்பெனி மேல கேஸ் போட்டுட்டாங்களாம்...", "ஃபைனான்ஸ்காரர் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துட்டாராம்..." இப்படி 'ஆம்' போட்டு முடியுற செய்தி எல்லாம் முதல்ல வாட்ஸ்அப்லதான் வரும். உங்க அட்வான்ஸோ, மூணு மாசச் சம்பள பாக்கியோ அங்க மாட்டியிருந்தா, அதைப் படிச்சதும் வயித்தைக் கலக்கும்.

இது உண்மையா, இல்லையான்னு தெரிஞ்சுக்க யார்கிட்டயும் கெஞ்ச வேண்டாம். திவால் வழக்குகள் பெரும்பாலும் பொது ஆவணங்கள். கையில இருக்குற போன்லயே, பைசா செலவில்லாம தேடிப் பார்க்கலாம். சும்மா தெரிஞ்சுக்க மட்டும் இல்ல, சீக்கிரம் தேடுறதுக்கு இன்னொரு முக்கியமான காரணம் இருக்கு. கம்பெனி திவால் நடவடிக்கையில, 'எனக்கு இவ்வளவு பாக்கி'ன்னு சொல்ல ஒரு கடைசி தேதி உண்டு. அது உங்க வீடு தேடி வராது. நீங்கதான் தேடிப் போகணும்.

முதல் கேள்வி: கம்பெனியா, தனி ஆளா?

இதுல தப்பினா, இல்லாத இடத்துல தேடிட்டு 'வழக்கே இல்ல'ன்னு நிம்மதியா தூங்கிடுவீங்க.

* பிரைவேட் லிமிடெட், லிமிடெட், எல்.எல்.பி: இவங்களுக்கு 2016-ம் ஆண்டின் திவால் சட்டம். வழக்கு நடக்கும் இடம், தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம். சுருக்கமா என்.சி.எல்.டி. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னை ராஜாஜி சாலையில இருக்குற அமர்வு.
* தனி நபர், சொந்தப் பெயரில் கடை நடத்துபவர், பார்ட்னர்ஷிப் தொழில்: இவங்களுக்கு இன்னமும் பழைய சட்டங்கள்தான். மாவட்டங்கள்ல 1920-ம் ஆண்டுச் சட்டப்படி சிவில் கோர்ட்டுகள், பெரும்பாலும் சப் கோர்ட். சென்னை நகரத்துக்கு மட்டும் 1909-ம் ஆண்டுச் சட்டம், சென்னை உயர் நீதிமன்றம். ஊர்ல 'ஐ.பி கொடுத்துட்டார்', 'மஞ்சள் நோட்டீஸ்'னு சொல்றது இதைத்தான்.
* கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் கையெழுத்து போட்டவர்: இவங்க மேல வரும் திவால் மனுவும் 2019 டிசம்பர் முதல் என்.சி.எல்.டி பக்கம் வந்துடுச்சு.

டெபாசிட் வாங்கி ஏமாத்தின நிதி நிறுவன வழக்குகள் வேற ரகம். அவை 1997-ம் ஆண்டு தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ், சிறப்பு நீதிமன்றம்னு போகும். திவால் பட்டியல்ல தேடினா அவை கிடைக்காது.

பேர்ப் பலகையை நம்பாதீங்க!

கட்டடத்து மேல இருக்குற பிராண்டு பேரும், பத்திரத்துல இருக்குற கம்பெனி பேரும் பல நேரம் வேற வேற. உங்க அக்ரிமென்ட், பில், ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப் எதுலயாவது முழுப் பெயர் இருக்கும். ஃபிளாட்டுன்னா, தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தோட தளத்துல அந்த புராஜெக்ட்டைப் பதிவு செஞ்ச நிறுவனம் யாருன்னு பாருங்க.

அந்தப் பெயரை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தோட தளத்துல, 'மாஸ்டர் டேட்டா' பகுதியில போட்டுப் பாருங்க. லாகின் கேட்டா ஒரு கணக்கு தொடங்கிக்கங்க. அங்க மூணு விஷயத்தைக் குறிச்சுக்கணும். ஒண்ணு, 21 எழுத்து-எண் கொண்ட கம்பெனி அடையாள எண். ரெண்டு, பதிவு அலுவலக முகவரி. மூணு, 'ஸ்டேட்டஸ்'. அது திவால் நடவடிக்கையில இருக்குன்னோ, கலைப்புல இருக்குன்னோ காட்டினா, உங்க சந்தேகம் அங்கேயே தீர்ந்துடும்.

முகவரி ஏன் முக்கியம்னா, வழக்கு எந்த ஊர்ல நடக்கும்னு முடிவு பண்றது பதிவு அலுவலகம்தான். ஃபிளாட் தாம்பரத்துல இருக்கலாம். ஆனா, கம்பெனி பெங்களூருவுல பதிவாகி இருந்தா வழக்கும் பெங்களூரு அமர்வுலதான் இருக்கும்.

கம்பெனின்னா, முதல்ல ஐ.பி.பி.ஐ

பல பேர் நேரா தீர்ப்பாயத்தோட தளத்துக்குப் போவாங்க. அதுக்கு முன்னாடி, திவால் வாரியமான ஐ.பி.பி.ஐ-யோட இணையதளத்துல 'பப்ளிக் அனவுன்ஸ்மென்ட்' பக்கத்தைப் பாருங்க. கம்பெனி பெயரைப் போட்டாப் போதும்.

தீர்ப்பாயம் மனுவை ஏத்துக்கிட்டதும், இடைக்காலத் தீர்வு நிபுணர்னு ஒருத்தரை நியமிக்கும். அவர் 3 நாளுக்குள்ள 'ஃபார்ம் ஏ'ங்கிற பொது அறிவிப்பை வெளியிடணும். ஓர் ஆங்கில நாளிதழ், ஒரு வட்டார மொழி நாளிதழ், இந்த வாரியத் தளம்னு எல்லா இடத்துலயும் வரணும். நாளிதழ் விளம்பரத்தை நாம பார்க்காம விட்டிருக்கலாம். ஆனா, இந்தத் தளத்துல பி.டி.எஃப்-ஆ அப்படியே இருக்கும்.

திறந்ததும் பார்க்க வேண்டியவை: திவால் நடவடிக்கை தொடங்கிய தேதி, நிபுணரோட பெயர், அவரோட இமெயில், கோரிக்கை கொடுக்கக் கடைசி தேதி.

அப்புறம் என்.சி.எல்.டி

அறிவிப்பு கிடைக்கலைன்னா, மனு போட்டு இன்னும் ஏத்துக்கப்படாம இருக்கலாம். அதுக்குத்தான் தீர்ப்பாயத்தோட தளம். வழக்கு எண், கட்சிக்காரர் பெயர், வக்கீல் பெயர்னு பல வழியில தேடலாம். பெயர் மூலமா தேடும்போது அமர்வு, ஆண்டு, வழக்கு நிலுவையா முடிஞ்சதான்னு தேர்வு செய்யணும்.

கம்பெனி பெயரை முழுசா அடிக்காதீங்க. 'பிரைவேட் லிமிடெட்', 'இந்தியா' எல்லாத்தையும் விட்டுட்டு, தனித்துத் தெரியும் ஒரு சொல்லை மட்டும் போடுங்க. ஒரு புள்ளி, ஓர் இடைவெளி மாறினாலும் முடிவு வராமப் போகும்.

'சி.பி (ஐ.பி)'ன்னு வழக்கு எண் வந்தா அது திவால் மனு. அதைப் பார்த்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்ல போட்டுடாதீங்க. மனு போட்டதாலேயே கம்பெனி திவால் ஆயிடாது. பாக்கியைக் கொடுத்து சமரசம் ஆகி, வாபஸ் ஆன மனுக்களும் நிறைய. கடைசி உத்தரவைத் திறந்து, மனு 'அட்மிட்' ஆகியிருக்கா, 'மொரட்டோரியம்' அறிவிச்சிருக்காங்களான்னு பாருங்க. மொரட்டோரியம் வந்துட்டா, அந்தக் கம்பெனி மேல புதுசா வழக்கு போட முடியாது. நடக்குற வழக்கும் நின்னுடும்.

தனி ஆள்னா, இ-கோர்ட்ஸ்

'இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்' செயலி அல்லது இணையதளத்துல தமிழ்நாடு, மாவட்டம், நீதிமன்ற வளாகம்னு வரிசையா தேர்வு செய்யுங்க. 'பார்ட்டி நேம்' பகுதியில பெயரோட குறைந்தது 3 எழுத்து, பதிவான ஆண்டு ரெண்டையும் போடணும். நிலுவை, முடிஞ்சது ரெண்டும் சேர்ந்து வர்ற மாதிரி தேர்வு செய்யுங்க.

இங்கதான் தமிழ்ப் பெயர்கள் வேலை வைக்கும். முருகேசனை ஆங்கிலத்துல எத்தனை விதமா எழுதலாம்! இனிஷியல் முன்னாடி வருமா, பின்னாடி வருமான்னும் தெரியாது. அதனால முதல் 4 எழுத்தை மட்டும் போட்டு, வர்ற பட்டியல்ல கண்ணால தேடுறதே நல்லது. ஆண்டையும் ஒவ்வொண்ணா மாத்திப் பாருங்க. அவர் குடியிருக்குற ஊர், தொழில் நடத்துற ஊர் ரெண்டு இடத்துலயும் பார்க்கணும்.

பட்டியல்ல 'ஐ.பி'ன்னு வழக்கு வகை இருந்தா அது திவால் மனு. திறந்து, அப்பா பெயர், முகவரி எல்லாம் ஒத்துப்போகுதான்னு பார்த்த பிறகுதான் அது அவரேன்னு முடிவு பண்ணணும். அந்தப் பக்கத்துல இருக்குற 16 இலக்க சி.என்.ஆர் எண்ணைச் சேமிச்சு வெச்சுட்டா, அடுத்த முறை ஒரே தட்டுல வாய்தா தேதி வந்துடும். சென்னை நகர வழக்குக்கு, உயர் நீதிமன்றங்களுக்கான இ-கோர்ட்ஸ் பகுதியில சென்னையைத் தேர்வு செய்யணும்.

மஞ்சள் நோட்டீஸ் வந்தாலே பணம் போச்சுன்னு ஒரு நம்பிக்கை ஊர்ல இருக்கு. அது சரியில்ல. அவர் மனுதான் போட்டிருக்கார். கடன் கொடுத்தவங்க ஆஜராகி ஆட்சேபம் சொல்லலாம். திவால்னு கோர்ட் அறிவிச்சா, அவரோட சொத்து கோர்ட் அல்லது ரிசீவர் வசம் போகும். மனுவுக்கு முந்தின 2 வருஷத்துக்குள்ள சொத்தை இனாமா சொந்தக்காரங்க பேருக்கு மாத்தியிருந்தா, அதை ரத்து பண்ணக் கேட்கவும் வழி உண்டு. நோட்டீஸ்ல இருக்குற வாய்தா தேதியைத் தவறவிடாம ஒரு வக்கீலைப் பாருங்க.

பேர் வந்துடுச்சு... அடுத்து?

கம்பெனி விஷயத்துல, நிபுணர் நியமிக்கப்பட்ட நாள்ல இருந்து 14 நாள்தான் கோரிக்கைக்கான சாதாரணக் கெடு. யார் எந்தப் படிவம்?

* ஃபிளாட் புக் பண்ணினவங்க: ஃபார்ம் சி.ஏ
* சம்பள பாக்கி உள்ள ஊழியர்கள்: ஃபார்ம் டி
* பொருளோ சேவையோ கொடுத்து பில் பாக்கி உள்ளவங்க: ஃபார்ம் பி
* கடன் கொடுத்தவங்க: ஃபார்ம் சி

படிவத்தோட அக்ரிமென்ட், ரசீது, பே ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட் இணைச்சு, அறிவிப்புல இருக்குற இமெயிலுக்கு அனுப்பணும். கட்டணம் கிடையாது. வக்கீல் வெச்சுத்தான் அனுப்பணும்னும் இல்ல.

ஒரு கம்பெனி மேல புதுசா திவால் மனு போட, பாக்கி குறைந்தது 1 கோடி ரூபாய் இருக்கணும். ஆனா, யாரோ போட்ட வழக்குல உங்க கோரிக்கையைச் சேர்க்க குறைந்தபட்சத் தொகை எதுவும் இல்ல. 40,000 ரூபாய் சம்பள பாக்கிக்கும் படிவம் கொடுக்கலாம்.

14 நாள் தாண்டிட்டாலும், தொடங்கிய தேதியில இருந்து 90 நாள் வரையாவது கொடுக்க வாய்ப்பு இருக்கு. அதையும் விட்டு, வேற ஒரு நிறுவனம் கம்பெனியை எடுத்து நடத்துறதுக்கான திட்டத்தைத் தீர்ப்பாயம் அங்கீகரிச்சுட்டா ரொம்பக் கஷ்டம். அந்தத் திட்டத்துல இல்லாத பழைய பாக்கிகள் ஒழிஞ்சு போகும்னு 2021 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு. கோரிக்கை கொடுத்தா முழுப் பணமும் வரும்னு உத்தரவாதம் இல்ல. ஆனா, கொடுக்காதவங்க பங்கு கேட்குற வரிசையிலேயே இருக்க மாட்டாங்க.

ஒண்ணும் வரலையா?

'ரெக்கார்டு இல்ல'ன்னு வந்தா, அந்தப் பெயர்ல, அந்த ஆண்டுல, அந்தக் கோர்ட்ல இல்லைன்னுதான் அர்த்தம். எழுத்தை மாத்தி, ஆண்டை மாத்தி, பக்கத்து மாவட்டத்துலயும் ஒரு தடவை பாருங்க. இன்னைக்குப் போட்ட மனு தளத்துல ஏற சில நாள் ஆகலாம். அதனால அடுத்த வாரமும் ஒரு நடை போய்ப் பாருங்க. பழைய வழக்குக் கட்டைப் பார்க்கணும்னா, அந்த நீதிமன்றத்துல நகல் மனு போடணும். வழக்குல நீங்க ஒரு தரப்பு இல்லைன்னா, எதுக்குக் கேட்குறீங்கன்னு காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடியும், பெரிய ஆர்டரைக் கடனுக்கு எடுக்கும் முன்னாடியும் இதே தேடலைச் செய்யலாம். ஏற்கெனவே பணம் மாட்டியிருக்குன்னா, இன்னைக்கு ராத்திரியே ஐ.பி.பி.ஐ பக்கத்தைத் திறங்க. கடைசி தேதி கண்ணுல பட்டா, வாட்ஸ்அப்ல ஃபார்வேர்டு பண்றதுக்கு முன்னாடி உங்க போன் காலண்டர்ல ஏத்துங்க.