‘23 செயல்கள்’: பொதுநூலகரின் இணையவழிப் பணிமேம்பாடு (2006–2011)

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவின் ஷார்லட் நகரப் பொதுநூலகத்தில் 2006இல் தொடங்கிய ‘23 செயல்கள்’ என்னும் பயிற்சி, ஐந்தாண்டுகளில் பிரித்தானிய நூலகர்கள் தாமே கூடி நடத்திய ‘பணிமேம்பாட்டுக்கான 23 செயல்கள்’ என உருமாறியதை இக்கட்டுரை ஆராய்கிறது. இக்காலத்தில் கருவிகள் மாறியதைவிட, கற்றலின் பொறுப்பு நிறுவனத்திடமிருந்து தனி நூலகரின் தோளுக்கு மாறியதே வரலாற்று நிலையில் முதன்மையானது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: பொதுநூலகம், நூலகம் 2.0, பணிமேம்பாடு, ஷார்லட், கேம்பிரிட்ஜ்

முன்னுரை

நூலகத்துறை வரலாறு பெரும்பாலும் கட்டடங்கள், சட்டங்கள், பகுப்புமுறைகள் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. நூலகர் தம் தொழிலை எவ்வாறு கற்றுக்கொண்டார், பட்டம் பெற்ற பின்னரும் எவ்வாறு கற்றார் என்னும் வினா அவ்வரலாற்றில் ஓரமாகவே நிற்கிறது. இணையம் பொதுமக்களின் கைக்கு வந்த காலத்தில் இவ்வினா கூர்மையடைந்தது. படிக்க வருவோர் தம் நிழற்படங்களை இணையத்தில் ஏற்றவும் வலைப்பூ எழுதவும் தொடங்கியிருந்தனர். அதுபற்றி அவர்கள் கேட்டால் விடை சொல்ல வேண்டியவர் தாமே அவற்றைத் தொட்டுப் பார்த்திராத நிலை நூலகங்களில் நிலவியது.

ஷார்லட்: விளையாட்டாகக் கற்றல்

‘வலை 2.0’ என்னும் சொல் 2004ஆம் ஆண்டு மாநாடொன்றின் வழியாகப் பரவியது. அடுத்த ஆண்டிலேயே மைக்கேல் கேசி ‘நூலகம் 2.0’ என்னும் தொடரை வழங்கினார். அத்தொடர் எதைக் குறிக்கிறது என்பதில் ஒருமித்த கருத்து எழவில்லை. 2006இன் தொடக்கத்தில் வால்ட் கிராஃபோர்ட் அதற்கு வழங்கிய பல்வேறு விளக்கங்களைத் தொகுத்து, அவை ஒன்றோடொன்று பொருந்தாமையைச் சுட்டினார். சொல்லைப் பற்றிய விவாதம் இவ்வாறு நீண்டுகொண்டிருக்கையில், வட கரோலினாவின் ஷார்லட்–மெக்லன்பர்க் மாவட்டப் பொதுநூலகத்தில் தொழில்நுட்பப் பொறுப்பிலிருந்த ஹெலீன் புளோவர்ஸ் எளிய வழியொன்றை மேற்கொண்டார். ஸ்டீஃபன் ஏப்ரம் அவ்வாண்டு எழுதியிருந்த, ஓராண்டில் செய்துபார்க்கத்தக்க 43 செயல்களைப் பற்றிய கட்டுரையே அவருக்குத் தூண்டுதல். அப்பட்டியலை 23 ஆகச் சுருக்கி, ஒன்பது வாரங்களுக்குப் பிரித்து, 2006 ஆகஸ்டில் நூலக ஊழியர் அனைவருக்கும் திறந்துவைத்தார்.

இப்பயிற்சியின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. வகுப்பறையும் பயிற்றுநரும் இல்லை. இரண்டாம் செயல், வாழ்நாள் கற்போரின் ‘ஏழரைப் பழக்கங்கள்’ பற்றியது. மூன்றாவது, ஒவ்வொருவரும் தமக்கென ஒரு வலைப்பூவைத் தொடங்குவது. எஞ்சியவை அனைத்தும் அவ்வலைப்பூவிலேயே பதிவாக வேண்டும். ஐந்தாம் செயலில் ஃபிளிக்கர், எட்டாம் செயலில் செய்தியோடைகளைத் திரட்டிப் படித்தல், பதினொன்றில் லைப்ரரிதிங் தளத்தில் தம் சொந்த நூல்களைப் பட்டியலிடுதல், பதின்மூன்றில் டெலிசியஸ் வழியாகக் குறிச்சொல் இடுதல், பதினாறிலும் பதினேழிலும் விக்கி, இருபதில் யூடியூப். பகுப்பெண்ணும் பொருட்தலைப்பும் தம் உடைமை எனக் கருதிப் பழகிய நூலகர்களுக்குக் குறிச்சொல் இடுதல் சிறிய செயலன்று. யாரும் எச்சொல்லையும் எந்நூலுக்கும் இடலாம் என்பது பட்டியலாக்கத்தின் கட்டுப்பாட்டையே கேள்விக்கு உட்படுத்துவதாகும்.

முடித்தவர் அனைவருக்கும் எம்பி3 இசைக்கருவி பரிசாக வழங்கப்பட்டது. குலுக்கலில் மடிக்கணினியும் உண்டு. இதைக் கல்விக்குப் பொருந்தாத கவர்ச்சி எனத் தள்ளிவிட இயலாது. இருபத்தொன்றாம் செயல் பாட்காஸ்ட். இருபத்திரண்டாம் செயல் தரவிறக்கக்கூடிய ஒலிநூல். எனவே பரிசே அடுத்த பாடத்திற்கான கருவியாகவும் அமைந்தது. விரும்பியோர் தம் பெயரை மறைத்து எழுதலாம் என்னும் இசைவும் முதன்மையானது. மேலதிகாரி படிக்கக்கூடும் என்ற அச்சமின்றித் ‘எனக்கு இது புரியவில்லை’ என்று ஓர் ஊழியர் எழுத அது இடமளித்தது.

விளையாட்டிலிருந்து நூலகவியல் கற்ற முன்னோடி தமிழ்நாட்டிலேயே உண்டு. 1924இல் இலண்டன் சென்ற எஸ்.ஆர். இரங்கநாதன், பல்கலைக்கழகக் கல்லூரியில் பயின்ற காலத்தில் கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டே கோலன் பகுப்புமுறையின் கருவைப் பெற்றார் என்பது அவரே கூறிய செய்தி. அவருக்கு வழிகாட்டிய பெர்விக் சேயர்ஸ், குராய்டன் பொதுநூலகத்தின் தலைமை நூலகர். நூலகம் வளரும் உயிர் என்னும் ஐந்தாம் விதியை இரங்கநாதன் 1931இல் சென்னையில் வெளியிட்டார். நூலகம் 2.0 குறித்த விவாதங்களில் அவ்விதி மீண்டும் மீண்டும் எடுத்தாளப்பட்டது. எனினும் நூலகம் வளர்ந்தால் நூலகரும் வளர வேண்டும், அதற்கான நேரத்தை யார் தருவது என்பதை எடுத்தாண்டோர் பெரிதும் கேட்கவில்லை.

பரவல்

பயிற்சியைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வெளியிட்டதால் எவரும் அதை எடுத்து மாற்றிக்கொள்ள முடிந்தது. மெல்பர்ன் புறநகரின் யாரா பிளென்ட்டி வட்டார நூலகம் 2006இலேயே இதைத் தன் ஊழியருக்கு நடத்தியது. பின்னர்ப் பல நாடுகளின் நூலகங்கள் எண்ணை மாற்றாமலும் பொருளை மாற்றியும் பின்பற்றின. 2010இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகங்கள் தம் வடிவங்களை உருவாக்கின.

2011: கருவியிலிருந்து தொழிலுக்கு

கேம்பிரிட்ஜ் அனுபவத்திலிருந்து பிறந்ததே 2011 ஜூனில் தொடங்கிய ‘பணிமேம்பாட்டுக்கான 23 செயல்கள்’. இதை நடத்தியது எந்த நிர்வாகமும் அன்று. தன்னார்வ நூலகர் குழு ஒன்றே. எந்நாட்டு நூலகரும் சேரலாம். பரிசு ஏதும் இல்லை.

ஷார்லட் பட்டியலோடு ஒப்பிடுகையில் வேறுபாடு தெளிவாகிறது. எவர்நோட், கூகுள் ஆவணங்கள், டிராப்பாக்ஸ், ஸோட்டெரோ, பிரெஸி போன்ற கருவிகள் இங்கும் உண்டு. ஆனால் ஏறத்தாழப் பாதிச் செயல்கள் கருவியைப் பற்றியன அல்ல. தம் பெயர் இணையத்தில் எவ்வாறு அறியப்படுகிறது என ஆராய்தல், தற்பரிசீலனை, தொழிற்சங்கங்களில் நேர்முகத் தொடர்பு, முதுகலை மற்றும் பட்டயத் தகுதி, வழிகாட்டுநரைத் தேடுதல், கருத்தரங்கில் உரையாற்றுதல், நூலகத்திற்காகப் பரிந்து பேசுதல், பணி விண்ணப்பத்தில் தம்மை எடுத்துரைத்தல், தன்னார்வப் பணி என அவை நீள்கின்றன. ஷார்லட் ஊழியர் பெயரை மறைத்துக் கற்கலாம். 2011இன் நூலகர் பெயரை நிறுவிக்கொள்ளவே கற்றார்.

இம்மாற்றத்தைத் தொழில்நுட்ப வளர்ச்சியால் மட்டும் விளக்க முற்படுவது பொருந்தாது. 2010இல் பிரித்தானிய அரசு அறிவித்த செலவுக் குறைப்பு உள்ளாட்சி மன்றங்களைத் தாக்கியது. மன்றங்கள் நூலகங்களைத் தாக்கின. ‘விரிவான, திறன்மிக்க’ நூலகச் சேவையை உள்ளாட்சியின் கடமையாக்கிய 1964ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் இருந்தும், இலண்டனின் பிரென்ட் மன்றம் தன் 12 நூலகங்களில் 6ஐ மூட முடிவெடுத்தது. வழக்குத் தொடுத்த மக்கள் 2011 அக்டோபரில் உயர் நீதிமன்றத்தில் தோற்றனர். மறுமாதம் குளோஸ்டர்ஷயர், சாமர்செட் மன்றங்களின் குறைப்புத் திட்டங்களை அதே நீதிமன்றம் சட்டத்திற்குப் புறம்பானவை என அறிவித்தது. சமத்துவம் சார்ந்த கடமையை மன்றங்கள் உரியவாறு கருதவில்லை என்பதே அதற்குக் காரணம். பதினாறாம் செயலாகப் ‘பரிந்து பேசுதல்’ இடம்பெற்றதும், பின்னர் இருபத்தொன்றாம் செயலாக விண்ணப்பம் எழுதும் பாடம் வைக்கப்பட்டதும் இப்பின்புலத்திலேயே பொருள்படும். நூலகத்தைக் காக்கவும், காக்க முடியாதபோது வேறு பணி தேடவும் ஒரே பயிற்சி ஆயத்தப்படுத்தியது. ஷார்லட்டும் இதற்கு விலக்கன்று. 2010இல் மாவட்ட நிதிநெருக்கடியால் அங்கும் கிளைகள் மூடப்பட்டு ஊழியர் பலர் வேலையிழந்தனர்.

கல்வி நூலகரைவிடப் பொதுநூலகருக்கு இப்பயிற்சி கடினமாக இருந்தது என்பதும் கருதத்தக்கது. அவருடைய கணினி பெரும்பாலும் உள்ளாட்சி மன்ற வலையமைப்பில் இயங்குவது; சமூக ஊடகத் தளங்கள் அங்குப் பரவலாகத் தடுக்கப்பட்டிருந்தன. மேசையில் படிப்போருக்குச் சேவை செய்யும் நேரத்தில் தற்பரிசீலனைக்கு இடம் கிடைப்பதில்லை. எனவே அவர் கற்றது பெரும்பாலும் வீட்டில், மாலையில், தம் சொந்தக் கணினியில். நிறுவனம் பரிசளித்து ஊக்குவித்த கல்வி, தொழிலில் நீடிக்க விரும்புவோர் தம் ஓய்வைச் செலவிட்டுப் பெறும் கல்வியாயிற்று. தன்னார்வக் குழுவின் பெருந்தன்மையை மறுக்காமலே இதனை ஓர் இழப்பாகவும் கணக்கிட வேண்டும்.

கருவிகளின் மறைவு

இருபட்டியல்களிலும் உள்ள கருவிகள் பலவும் இன்றில்லை. செய்தியோடை படிக்கப் பலரும் நாடிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. டெலிசியஸ் கைமாறிக் கைமாறி 2017இல் பின்போர்டிடம் சேர்ந்தது. ஃபிளிக்கர் யாஹூவிடமிருந்து 2018இல் ஸ்மக்மக் நிறுவனத்திற்குச் சென்றது. ஒரு கருவியைக் கற்பதைவிடப் புதிய கருவிக்கு அஞ்சாமையைக் கற்பதே பயன் என்னும் புளோவர்ஸின் அணுகுமுறையை இது மெய்ப்பிக்கிறது. லைப்ரரிதிங் நிலைத்தது. தொழிற்சங்கம், வழிகாட்டுநர், பரிந்து பேசுதல் ஆகியவையோ மென்பொருளை நம்பி நிற்பவை அல்ல.

பிரென்ட்டில் மூடப்பட்ட ஆறனுள் ஒன்று கென்சல் ரைஸ் நூலகம். 1900இல் மார்க் டுவெய்ன் திறந்துவைத்தது அது. ஊர் மக்களின் நெடிய போராட்டத்திற்குப் பின் 2019இல் அதன் கதவுகள் மீண்டும் திறந்தன. ஆனால் மன்றத்தின் நூலகமாக அன்று, தன்னார்வலர் நடத்தும் சமூக நூலகமாக. 2011ஆம் ஆண்டுப் பட்டியலில் இருபத்திரண்டாம் செயலாகிய தன்னார்வப் பணி, நூலகப் பதவி பெறுவதற்கான அனுபவம் ஈட்டும் வழியாகவே விளக்கப்பட்டிருந்தது.